உப்பு ஏரிக்குப் போகிறவர்களுக்கு: டீச்சர் பதில்கள்

சென்ற இதழில் லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் இருக்கும் சோ கர் என்ற உப்பு ஏரியைப் பற்றி எழுதியிருந்தேன். கோடையில் அங்கே கூடும் பறவைகளின் படங்களும் வந்திருந்தன. அதற்கு வந்த கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பாதிப் பேர் "எப்படிப் போவது?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "போகலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது வகைக் கடிதங்களைத்தான் நான் முதலில் பிரித்தேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

டீச்சர், உப்புக் கரிக்கும் ஏரியில் பறவைகளுக்கு என்ன வேலை? மீன்கூட இருக்காதே? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் அந்த ஊரில் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக் கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

சோ கர் ஈரநிலம் என்று சொல்வது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஏரிகளைச் சேர்த்துத்தான். வடக்கே இருப்பது பெரியது, சுமார் 1,800 ஹெக்டேர், கடுமையான உப்பு. தெற்கே இருக்கும் ஸ்டார்ட்சாபுக் சோ சின்னது, 438 ஹெக்டேர். அதில் இருப்பது ஓரளவு நல்ல தண்ணீர். ஊற்றும் பனி உருகிய தண்ணீரும் சின்ன ஏரியில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு ஓடை வழியாகப் பெரிய ஏரிக்குப் போகின்றன. அதற்கு மேல் போக வழி கிடையாது. சுற்றிலும் மலை. வந்த தண்ணீருக்கு வெயிலும் காற்றும்தான் வடிகால். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், வரும் வழியில் அது கரைத்துக்கொண்டு வந்த உப்பு மட்டும் தங்கிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது. ஒரு காலத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய ஏரியாக இருந்திருக்கின்றன. அந்தப் பழைய கரைகள் மலைச்சரிவில் வரிவரியாக இன்னும் தெரிகின்றன. பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் எனக்கு அந்த வரிகளைப் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும்.

வருகிற பயணிகள் வெள்ளை வெளேரென்ற பெரிய ஏரியின் பக்கம் திரும்பி நின்று படம் எடுப்பார்கள். நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஏனென்றால் பறவைகள் பெரும்பாலும் இருப்பது சின்ன ஏரியிலும், ஓடைகள் இறங்கும் முகத்திலும், இரண்டு ஏரிகளுக்கும் நடுவே உள்ள கோரைச் சதுப்பிலும்தான். புழு, பூச்சி, நீர்ப்பாசி எல்லாம் அங்கேதான். பறவைகளுக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி என்று ஒன்று உண்டு. கடற்காகம், வாத்து போன்றவற்றில் அது நன்றாக வேலை செய்யும். ரத்தத்தில் மிஞ்சும் உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றிவிடும். வளர்ந்த பறவை அதைக்கொண்டு சமாளித்துக்கொள்ளும். முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன வாத்துக்குஞ்சுக்கு அந்தச் சுரப்பி இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அதற்குக் குடிக்க நல்ல தண்ணீர் நடந்து எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே, உப்பு ஏரியின் உயிர் அதன் நன்னீர் ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரம் ரொம்பக் குறுகலானது.

அங்கே நான் தொலைநோக்கியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சின்ன ஏரியில் கொண்டை முக்குளிப்பான் ஒன்று அசையாமல் மிதந்துகொண்டிருந்தது. முதுகு இறகு லேசாகப் புடைத்து, அதற்குள்ளிருந்து கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு குட்டித் தலை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. இணைப்பறவை பக்கத்தில் வந்து, தன் மார்பிலிருந்தே ஒரு சின்ன இறகைப் பிடுங்கி, தண்ணீரில் நனைத்து, குஞ்சின் வாயில் வைத்தது. குஞ்சு அதை விழுங்கிவிட்டது. முக்குளிப்பான்கள் இப்படித் தங்கள் குஞ்சுகளுக்கு இறகு ஊட்டும். இரையின் முள்ளும் ஓடும் வயிற்றைக் குத்தாமல் இருக்க அது மெத்தையாக உதவும் என்கிறார்கள். கூடும் விசித்திரம்தான்: நீர்த்தாவரங்களைக் குவித்துத் தண்ணீரிலேயே மிதக்க விட்டிருக்கும். கரையில் யாராவது சத்தமாக நடந்தால் தாய் சட்டென்று முட்டையை நீர்ச்செடியால் மூடிவிட்டு இறங்கிப் போய்விடும். அந்தக் குளிர்காற்றில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முகப்புப் படத்தில் இருந்த கருங்கழுத்துக் கொக்கைப் பார்க்க எந்த மாதம் போக வேண்டும்? (வங்கி ஊழியர், ஈரோடு)

ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை. மே, ஜூனில் வேண்டாம் என்பது என் பிடிவாதம். அப்போதுதான் அவை சதுப்பின் நடுவே மண்திட்டில் முட்டையிட்டு அடைகாக்கின்றன. வழக்கமாக இரண்டே முட்டை. ஏறக்குறைய ஒரு மாதம் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். அந்த நேரத்தில் நாம் கொடுக்கும் தொந்தரவுக்கு விலை ஒரு வருஷத்து வம்சம்.

உலகில் இருக்கும் 15 வகைப் பெருங்கொக்குகளில் அறிவியல் உலகம் கடைசியாக அறிந்துகொண்டது இதைத்தான். 1876-இல் ரஷ்யப் பயணி நிகோலாய் பிரெவால்ஸ்கி இதை விவரித்து எழுதினார். அவர் பார்த்த இடமும் ஒரு உப்பு ஏரிதான், சீனாவின் கோகோ நோர். இன்று சிங்ஹாய் ஏரி என்கிறார்கள். இவ்வளவு உயரத்தில் கூடு கட்டி வாழும் பெருங்கொக்கு வேறு கிடையாது. மொத்தமாக உலகில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கலாம். பெரும்பகுதி திபெத், சீனப் பகுதிகளில். இந்தியாவில் கூடு கட்டுவது லடாக்கில்தான், அதுவும் சில டஜன் இணைகள்தான். லடாக் தன் பறவையாக இதை 2021-இல் அறிவித்தது.

மார்ச் கடைசி, ஏப்ரலில் வந்து சேரும். அக்டோபர், நவம்பரில் கிளம்பிவிடும். ஆகஸ்டில் போனால் குடும்பமாகப் பார்க்கலாம். சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுத்த கழுத்து, நெற்றியில் சிவப்புத் திட்டு, கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி. நின்றால் நம் நெஞ்சு உயரம். குஞ்சு துருப்பிடித்த பழுப்பு நிறத்தில், பெற்றோர் இருவருக்கும் நடுவில் நடக்கும். பெரியது அலகைச் சேற்றில் கண்வரை விட்டுக் கிளறி எதையோ எடுத்துக் கீழே போடும். குஞ்சு அதைப் பொறுக்கும். ஒன்று மேயும்போது மற்றது தலையை நிமிர்த்திக் காவல் நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தி உங்கள் பக்கம் பார்த்தால், நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்கிவிடுங்கள். இத்தனை மீட்டர் தூரம் என்று யார் எந்தக் கணக்குச் சொன்னாலும், பறவையின் கழுத்து சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

அப்பாவுக்கு 68 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பறவைகள் என்றால் உயிர். கூட்டிப் போகலாமா? (வாசகி, கோவை)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் ஆசையும் தெரிகிறது, உங்கள் பயமும் தெரிகிறது.

முதலில் அவருடைய மருத்துவரிடம் போய் "4,500 மீட்டருக்கு மேல் ராத்தங்கல்" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். "லடாக் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவர் லே நகரத்தை மனதில் வைத்துப் பதில் சொல்லிவிடுவார். லே 3,500 மீட்டர். சோ கர் அதைவிட ஆயிரம் மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் அதிகம். வயதைவிட, எவ்வளவு வேகமாக மேலே ஏறுகிறோம் என்பதுதான் முக்கியம். திடகாத்திரமான இருபது வயதுப் பையன்கள்தான் அவசரப்பட்டு ஏறி, வாந்தியும் தலைவலியுமாகச் சுருண்டு கிடப்பார்கள்.

மருத்துவர் சரி என்றால் இப்படிச் செய்யுங்கள். விமானத்தில் லே இறங்கினால் இரண்டு முழு நாட்களாவது ஊர் சுற்றாமல் ஓய்வு. மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது. அங்கிருந்து நேராகச் சோ கர் போகாதீர்கள். உப்ஷி வந்து, சிந்து நதி ஓரமாகவே போனால் சுமாதாங் வரும். சுமார் 4,000 மீட்டர், வெந்நீர் ஊற்று உள்ள ஊர். ஒரு ராத்திரி அங்கே தங்குங்கள். மறுநாள் மாஹே பாலம், சும்தோ, பூகா பள்ளத்தாக்கு, போலோகோங்கா லா கணவாய் வழியாக ஏரியை அடையலாம். பூகாவிலும் தரையிலிருந்து ஆவி பறக்கும் ஊற்றுகள் உண்டு. லேயிலிருந்து தங்லாங் லா வழியாக வருவது தூரம் குறைவு. ஆனால் அந்தக் கணவாய் 5,300 மீட்டரைத் தொடுகிறது. போகும்போது வேண்டாம், உடம்பு பழகியபின் திரும்பும்போது அந்த வழியில் வாருங்கள்.

இன்னொரு விஷயம். இதைப் பயண ஏற்பாட்டாளர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பள்ளத்திலிருந்து தண்ணீர் வெளியேற வழி இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? மனிதர்களுக்கும் அப்படித்தான். உயர நோய் வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும் என்பது விதி. சோ கரில் கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு கணவாய் ஏறியாக வேண்டும். ராத்திரியில் மூச்சு வாங்க ஆரம்பித்தால் போலோகோங்கா லா ஏறி, பூகா இறங்கி, சிந்து நதிப் பக்கம் போவதுதான் நல்ல வழி. ஆகவே வண்டியும் ஓட்டுநரும் ராத்திரி உங்களோடு தங்க வேண்டும். இறக்கிவிட்டுக் காலையில் வருகிறேன் என்பவர் வேண்டாம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். ஆக்ஸிஜன் உருளை இறங்கும் வரை கைகொடுக்கும், இறங்குவதற்கு மாற்று ஆகாது. உயர நோய் வராமல் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அப்பாவுக்கு வேறு ஒரு உப்பு ஏரி சொல்கிறேன், கீழே படியுங்கள்.

உயரமே ஏற முடியாதவர்கள் பார்க்க உப்பு ஏரி உண்டா? (கோவை வாசகியோடு இன்னும் பலர்)

ராஜஸ்தானின் சாம்பர். ஜெய்ப்பூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர்கூட இல்லை. நம் நாட்டின் உள்நாட்டு உப்பு ஏரிகளில் அதுதான் பெரியது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 1990-இலேயே சேர்ந்துவிட்டது. சோ கர் சேர்ந்தது 2020-இல்தான். சாம்பருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மழை நன்றாகப் பெய்த வருஷமாகப் பார்த்துப் போங்கள், வறண்ட வருஷத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைத் தரைதான்.

அங்கே பூநாரைகள்தான் விசேஷம். இரண்டு வகையும் வரும். பெரும் பூநாரை சேற்றைக் கலக்கிச் சின்னச் சின்ன உயிரினங்களை வடிகட்டித் தின்னும். சிறு பூநாரை உப்புத் தண்ணீரில் செழிக்கும் நுண்ணிய நீலப்பச்சைப் பாசியை அலகால் வடிகட்டித் தின்னும். அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து, ஓரத்துச் சல்லடை வழியாக வெளியே தள்ளும். அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகுக்கு ரோஜா நிறம் தருகிறது. இங்கே பார்த்தீர்களா, கடும் உப்பையே சாப்பாட்டு மேசையாக்கிக்கொண்ட பறவை! சோ கரில் சொன்ன கணக்கு இதற்குப் பொருந்தாது.

2019 நவம்பரில் அந்த ஏரியில் 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து விழுந்தன. உப்பு அதிகமானதால் என்று முதலில் பேச்சு வந்தது. பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துப் பார்த்து, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் என்று உறுதிசெய்தது. காற்றில்லாத சேற்றிலும் அழுகும் உடலிலும் ஒரு பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். செத்த பறவையில் நெளியும் புழுவில் அந்த நஞ்சு சேரும். அதை இன்னொரு பறவை தின்றால் அதன் இறக்கையும் காலும் செயலிழந்துவிடும், கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரில் மூழ்கிவிடும். செத்தவற்றை உடனே அப்புறப்படுத்தினால்தான் சங்கிலி அறும். எந்த நீர்நிலையிலாவது பல பறவைகள் ஒன்றாகச் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் தொடாதீர்கள், அன்றைக்கே வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமும் பெரிது.

எங்கள் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து சோ கரிலிருந்துதான் வருகிறதா? (பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி)

வரித்தலை வாத்து சோ கரிலும் கூடு கட்டுகிறது, பக்கத்தில் உள்ள சோ மொரிரி ஏரியின் தீவிலும் கூடு கட்டுகிறது. ஆனால் கூந்தன்குளத்தில் நீங்கள் பார்க்கும் வாத்து அங்கிருந்துதான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் தென்பட்டிருக்கின்றன. கழுத்தில் எழுத்து போட்ட பட்டையோடு ஒன்றைப் பார்த்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். உங்கள் மாணவர்களையும் பழக்குங்கள். அந்த ஒரு வரிக் குறிப்பு ஆராய்ச்சியாளருக்குப் பொக்கிஷம்.

எங்கிருந்து வந்தாலும் இமயத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். கருவி பொருத்திக் கண்காணித்தபோது ஒரு வாத்து 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் அவை வேண்டுமென்றே உச்சியில் பறப்பதில்லை. பள்ளத்தாக்கில் இறங்கி, கணவாயில் ஏறி, மலையின் வடிவத்தை ஒட்டியே பறக்கின்றன. பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் பறக்கின்றன, அப்போது குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், இறக்கைக்குப் பிடிப்பு கிடைக்கும். அவற்றின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை நம்முடையதைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வகை. இரண்டு நாள் ஓய்வெடுத்தும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நமக்கு முன்னால் அந்த வாத்து புல்லை மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது மரியாதை வந்துவிடுகிறது.

கடலே இல்லாத ஊரில் கடற்காகமா? படத்தில் தவறா? (வாசகர், ராமநாதபுரம்)

தவறில்லை. அது பழுப்புத்தலைக் கடற்காகம், சோ கரில் பெரிய கூட்டமாகக் கூடு கட்டும். குளிர்காலத்தில் உங்கள் கடற்கரைக்கே வரும். அப்போது தலை வெளுத்து, காதருகே ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் இருக்கும். ஏரியில் பார்க்கும்போது தலை முழுக்கக் காப்பிப்பொடி நிறம். அதனால்தான் உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

அனுமதிச் சீட்டு வேண்டுமா? (பலர்)

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி வேண்டும். இந்தியர்களுக்கான விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கிளம்பும் வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ரசீதைத் தாளில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் சிக்னலை நம்ப முடியாது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

என் நண்பர்கள் போன வண்டியை டிரைவரே ஏரி விளிம்பு வரை ஓட்டிப் போனார். சமதளம்தானே, அதில் என்ன தப்பு? (மென்பொருள் பணியாளர், சென்னை)

தம்பி, தப்புதான். டிரைவர் ஓட்டினாலும் தப்புதான்.

மேலே இருந்து பார்த்தால் கெட்டியான வெள்ளைத் தரை. ஒரு அடி வைத்துப் பார்த்தால் மேலோடு நொறுங்கும், அடியில் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். வண்டி புதையும். அது உங்கள் கஷ்டம், போகட்டும். அந்த உயரத்தில் செடி ஒன்று வேர்பிடிப்பதற்கு வருஷத்தில் சில மாதங்கள்தான் கிடைக்கின்றன. சதுப்பில் விழுந்த சக்கரத் தடம் எத்தனையோ கோடை தாண்டியும் அப்படியே கிடக்கும். அந்தத் தடத்தின் வழியே தண்ணீர் வேறு பக்கம் வடிந்துபோனால் கோரை காயும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மணல் உப்புக்கொத்தி என்ற சின்னஞ்சிறு பறவை அங்கே கூடு என்று எதையும் கட்டுவதில்லை. கூழாங்கல் தரையில் லேசாகக் குழி பறித்து முட்டையிடும். முட்டையும் கல்நிறம், புள்ளி புள்ளியாக. ஒரு முறை சாலையோரத்தில் நின்றபடி ஒரு தாய்ப்பறவை உட்கார்ந்த இடத்தைக் கண்ணாலேயே குறி வைத்துக்கொண்டேன். அது எழுந்து போனதும் தொலைநோக்கியில் அதே இடத்தை எவ்வளவு துழாவியும் முட்டை கண்ணில் படவில்லை. மீண்டும் அது வந்து உட்கார்ந்தபோதுதான் இடம் தெரிந்தது. வண்டியில் போகிறவருக்கு எப்படித் தெரியும்? குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் ஓடித் திரியும் மணல் உப்புக்கொத்தியும் இதே இனம்தான்.

வண்டியை மண்சாலையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே மேயும் கியாங் காட்டுக்கழுதைகள் வண்டியோடு சேர்ந்து ஓடும், அழகாகத்தான் இருக்கும். உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். குட்டியோடு இருக்கும் கூட்டத்தை அந்தக் காற்றில் ஓட விடுவது பாவம். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அது வனவிலங்குச் சரணாலயப் பகுதி.

அங்கே நாய்கள் எலும்பும் தோலுமாகத் திரிகின்றன. பிஸ்கட் போடலாமா? (வாசகி, திருச்சி)

போடாதீர்கள். உங்கள் இரக்க குணம் புரிகிறது, எனக்கும் மனம் கேட்காது. ஆனால் கருங்கழுத்துக் கொக்குக்கு லடாக்கில் இருக்கும் பெரிய எதிரிகளில் ஒன்று இந்தத் திரியும் நாய்கள். முட்டையையும் பறக்கத் தெரியாத குஞ்சையும் அவை தின்றுவிடுகின்றன. முகாம்களையும் கூடாரங்களையும் சுற்றிக் கிடக்கும் மிச்சச் சாப்பாடுதான் அவற்றைப் பெருகவைக்கிறது. கோடையில் நாம் போடும் பிஸ்கட் அவற்றை ஏரிக்கரையிலேயே தங்கவைக்கும். நாம் கிளம்பிப் போனபின் அவற்றுக்குப் பசிக்கும். அப்போது பக்கத்தில் இருப்பது கூடுதான். பாலிதீனை மட்டுமல்ல, பழத்தோலையும் மிச்சச் சோற்றையும்கூட ஒரு டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அந்த உப்பைச் சாப்பிடலாமா? ஒரு பொட்டலம் எடுத்துவர ஆசை. (இல்லத்தரசி, தஞ்சாவூர்)

எடுக்காதீர்கள். அது வெறும் சாப்பாட்டு உப்பு இல்லை, வேறு உப்புகளும் கலந்திருக்கும். ஆனால் அந்த உப்புக்கு ஒரு வரலாறு உண்டு. சாங்பா என்ற அந்தப் பீடபூமியின் நாடோடி மேய்ப்பர்கள் பல தலைமுறைகளாக ஏரி உப்பை அள்ளி, சின்னச் சின்னப் பைகளில் கட்டி, செம்மறிகளின் முதுகில் இருபுறமும் தொங்கவிட்டு மலை தாண்டிப் போவார்கள். கீழே பள்ளத்தாக்குகளில் பார்லி விளையும். உப்பைக் கொடுத்து பார்லி வாங்கி வருவார்கள். சாலை வந்து, கடை உப்பு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்த வழக்கம் நின்றுபோனது. இன்று அவர்களுக்குப் பிழைப்பு ஆடு தரும் பஷ்மினா என்ற மெல்லிய கம்பளி.

"அவர்கள் ஆடுகள் சதுப்பில் மேயலாம், நான் இறங்கக் கூடாதா?" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். எந்த மேய்ச்சல் நிலத்துக்கு எந்த மாதம் போவது என்று அவர்களுக்குள் ஊர்த் தலைவர் தீர்மானித்து நடக்கும் ஒழுங்கு உண்டு. அதற்கும் பிரச்சினை வருகிறது: ஆடுகள் பெருகியிருக்கின்றன, மேய்ச்சல் நெருக்கடி இருக்கிறது. அதைப் பேச வேண்டியவர்கள் பேசுகிறார்கள். ஆனால் அந்த நிலத்தோடு அவர்கள் வாழ்கிறார்கள். நாம் ஒரு படத்துக்காக இறங்குகிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

எங்கே தங்குவது? என்னென்ன கொண்டுபோவது? (பலர்)

ஏரிக்கரையில் துக்ஜே என்ற சின்ன ஊர் இருக்கிறது. வீட்டோடு தங்கலாம், கூடார விடுதிகளும் உண்டு. நான் வீட்டைத்தான் சொல்வேன். காசு ஊரிலேயே தங்கும், தண்ணீர்ச் செலவும் குறைவு. குளிக்க வெந்நீர் கேட்காதீர்கள். உலர் கழிப்பறையை முகம் சுளிக்காமல் பயன்படுத்துங்கள். ஓடையில் சோப்பு வேண்டாம். ஆகஸ்டிலும் ராத்திரி நல்ல குளிர் இருக்கும். செப்டம்பரில் தண்ணீர் உறையும். கம்பளித் தொப்பி, கையுறை, உதட்டுக்குக் களிம்பு, நல்ல கறுப்புக் கண்ணாடி. உப்புத் தரையின் எதிரொளி கண்ணைச் சுட்டுவிடும்.

தொலைநோக்கி எட்டு மடங்கு போதும், 8x42 என்று கடையில் கேளுங்கள். முக்காலியில் நிற்கும் பெரிய தொலைநோக்கி யாரிடமாவது இரவல் கிடைத்தால் விடாதீர்கள், அங்கே அதற்குத்தான் மதிப்பு. தூரத்தில் நின்றபடியே கொக்கின் கண்வரை பார்க்கலாம். காலை பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பி எல்லாம் நெளியத் தொடங்கிவிடும், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் தெளியாது. மதியத்துக்கு மேல் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே சூரியன் வருவதற்கு முன்பே போய் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுங்கள். வண்டியைப் பறவைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பத்து மணிக்குத் திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்குங்கள். சாயங்காலம் காற்று தணிந்தால் மறுபடி போகலாம். பறவைக் கையேடு ஒன்றும், மைக்குப் பதில் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் பேனா எழுதாது.